எக்ஸ் சாளர முறைமையும் வேலண்டும்: திறமூலச் சமூகத்தில் ஒரு பதிலீட்டின் வரலாறு (1984–2025)

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் மேசைக்கணினிகளின் திரையை நெடுங்காலம் இயக்கிவந்த எக்ஸ் சாளர முறைமையை விலக்கி, அதனிடத்தில் வேலண்ட் என்னும் புதிய நெறிமுறையை நிறுவும் முயற்சி 2008இல் தொடங்கியது. இதனைப் பழமைக்கும் புதுமைக்குமான பூசலாகக் காண்பதே வழக்கம். எக்ஸின் பணிகள் வேலண்ட் தோன்றுவதற்கு முன்பே அதன் பராமரிப்பாளர்களாலேயே ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப்பட்டன என்பதையும், விவாதத்தின் உட்பொருள் மாற்றத்தின் சுமையை யார் தாங்கினர் என்பதே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எக்ஸ் 11, வேலண்ட், திறமூல மென்பொருள், மென்பொருள் வரலாறு, அணுகல்தன்மை, தமிழ் உள்ளீடு

முன்னுரை

கணினித் திரையில் ஒரே நேரத்தில் பல செயலிகள் திறந்திருக்கின்றன. அவற்றுள் எது மேலே தெரிய வேண்டும், சுட்டியின் சொடுக்கு எதனைச் சேர வேண்டும், தட்டப்பட்ட எழுத்தை எது பெற வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிக்க ஓர் இடைநிலை மென்பொருள் தேவைப்படுகிறது. அதுவே காட்சிச் சேவையகம். வணிக இயங்குதளங்களில் இப்பணியைச் செய்வது எது எனப் பயனர் அறிவதில்லை. அதை மாற்றும் முடிவும் நிறுவனத்திற்குள்ளேயே எடுக்கப்படுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸை வெளியிட்டபோது தன் பழைய திரைமுறைமையைக் கைவிட்டுப் புதியதொன்றை அமைத்தது. அதற்கு எவருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை.

திறமூல உலகில் நிலைமை வேறு. அங்குக் காட்சிச் சேவையகத்தை எழுதுவோர் ஒருவர், மேசைச் சூழலை உருவாக்குவோர் வேறொருவர், வரைகலை அட்டைக்கான இயக்கியை எழுதுவோர் மூன்றாமவர், இவையனைத்தையும் திரட்டிப் பயனரிடம் சேர்ப்போர் நான்காமவர். எவரும் எவருக்கும் கட்டளையிட இயலாது. இத்தகைய சமூகம் தன் அடித்தளக் கற்களுள் ஒன்றைப் பெயர்த்து வேறொன்றை வைக்க முற்பட்டபோது நிகழ்ந்தவற்றைக் கால வரிசையில் காண்பது பயனுடைத்து.

எக்ஸின் தோற்றம்

1984ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பாப் ஷீஃப்லர் தம் உடன்பணியாளர்களுக்கு ஒரு மின்மடல் அனுப்பினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான டபிள்யூ என்னும் சாளர முறைமையின் நிரலை எடுத்தாண்டு, ஒவ்வொரு கட்டளைக்கும் விடை வரும்வரை காத்திருக்கும் அதன் போக்கை நீக்கி, காத்திராமல் தொடரும் போக்கை அதில் அமைத்திருப்பதாக அம்மடலில் அவர் தெரிவித்தார். ஆங்கில அகரவரிசையில் டபிள்யூவிற்கு அடுத்து வருவது எக்ஸ். பெயர்க்காரணம் அவ்வளவே.

அக்கழகத்தில் அப்போது நடைபெற்றுவந்த அதீனா திட்டத்தில் டிஜிட்டல், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களும் பங்கேற்றிருந்தன. ஒன்றுக்கொன்று ஒவ்வாத வன்பொருள்கள் ஒரே வளாகத்தில் இருந்தன. எங்கோ ஒரு கணினியில் இயங்கும் செயலியின் சாளரத்தை மாணவர் தம் முன்னுள்ள திரையில் காண வேண்டும். இத்தேவையே எக்ஸின் வடிவத்தைத் தீர்மானித்தது. திரையும் விசைப்பலகையும் உள்ள இடத்தில் சேவையகம் இயங்கும். செயலி வலையமைப்பின் வழியே எங்கிருந்தும் அதனோடு பேசலாம். ஷீஃப்லரோடு இணைந்து இதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜிம் கெட்டிஸ்.

எக்ஸின் வடிவமைப்பாளர்கள் ஒரு கோட்பாட்டில் உறுதியாக நின்றனர். சாளரங்களை உருவாக்கவும் நகர்த்தவும் வேண்டிய வழிவகைகளை மட்டுமே எக்ஸ் தரும். சாளரம் எப்படித் தோன்ற வேண்டும், எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கைகளை அது வகுக்காது. அதன் விளைவாகச் சாளர மேலாண்மை என்பதே தனியொரு செயலியின் வேலையாயிற்று. திரையிலுள்ள எச்சாளரத்தையும் எச்செயலியும் காணலாம், நகர்த்தலாம், அதற்குச் செல்லும் தட்டல்களைக் கேட்கலாம். இத்திறந்த தன்மை பின்னாளில் எக்ஸின் மீதான முதல் குற்றச்சாட்டாக மாறியது. ஆனால் அதற்கிடையே பல கருவிகள் அதன்மேல் கட்டப்பட்டிருந்தன.

1987 செப்டம்பரில் நெறிமுறையின் 11ஆம் பதிப்பு வெளியானது. இன்றுவரை பதிப்பெண் மாறவில்லை. ஜேம்ஸ் காஸ்லிங் பங்கேற்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய நியூஸ் என்னும் முறைமை அக்காலத்தில் எக்ஸிற்குப் போட்டியாக இருந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை அடிப்படையாகக் கொண்ட அதன் எழிலைப் பலர் போற்றினர். எனினும் எக்ஸின் நிரல் எவரும் எடுத்தாளத்தக்க தளர்வான உரிமத்தில் கிடைத்தது, அதுவே வென்றது. வென்ற முறைமையைப் பழிப்பதும் உடனே தொடங்கிற்று. 1994இல் வெளியான யூனிக்ஸ் வெறுப்பாளர் கையேடு, எக்ஸைப் பேரிடராகச் சித்திரித்து ஓர் இயலையே ஒதுக்கியது. வேலண்ட் ஆதரவாளர்கள் பின்னர் எழுப்பிய குறைகள் புதியன அல்ல என்பதற்கு இந்நூல் சான்று.

2004: பெயர் மாறிய எளிய மாற்றம்

தனியாள் கணினிகளுக்கான எக்ஸ், 1992 முதல் எக்ஸ்ஃப்ரீ86 என்னும் குழுவின் பொறுப்பில் வளர்ந்தது. லினக்ஸ் பரவியபோது உலகெங்கும் பெரும்பாலான லினக்ஸ் திரைகளை இயக்கியது இக்குழுவின் நிரலே. 2003 மார்ச்சில், நெடுநாள் பங்களிப்பாளரான கீத் பேக்கார்டு குழுவின் மையத்திலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான 4.4ஆம் பதிப்பில், நிரலை ஆக்கியோரைக் குறிப்பிட்டு நன்றி தெரிவிக்க வேண்டுமென்ற நிபந்தனை உரிமத்தில் சேர்க்கப்பட்டது. குனூ பொது உரிமத்தோடு அது பொருந்தாது எனக் கருதப்பட்டது. டெபியன், ஃபெடோரா, ஓப்பன்பிஎஸ்டி முதலியன புதிய பதிப்பை ஏற்க மறுத்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் அமைந்த எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை, உரிமம் மாறுவதற்கு முந்தைய நிரலை எடுத்து ஏப்ரலிலேயே தன் முதல் வெளியீட்டைத் தந்தது. சில மாதங்களில் எக்ஸ்ஃப்ரீ86 பெரும்பாலோரால் கைவிடப்பட்டது.

இந்நிகழ்வை ஈண்டு நினைவுகூரக் காரணம் உண்டு. 2004இல் மாறியது உரிமையாளர் மட்டுமே; நிரல் அதே நிரல். பயனரின் திரையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆகவே மாற்றம் சில மாதங்களில் முடிந்தது. அடுத்த மாற்றத்திற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டதன் காரணத்தைப் பயனரின் பிடிவாதத்தில் தேடுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

உள்ளிருந்து வெறுமையாதல்

எக்ஸ் 11 வகுத்த முறையில், எழுத்துருக்கள் சேவையகத்திடம் இருக்கும். செயலி ஓர் எண்ணை அனுப்பும். சேவையகம் அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை வரையும். ஓர் எண், ஒரு வடிவம். இலத்தீன் எழுத்துகளுக்கு இது போதும். தமிழுக்குப் போதாது. யூனிகோடு முறையில் ‘கொ’ என்பது ககர மெய்யின் குறியும் உயிர்க்குறியும் அடுத்தடுத்து வரும் இரு குறிகள். திரையிலோ உயிர்க்குறியின் ஒரு பாதி ககரத்தின் முன்னும் மறு பாதி பின்னும் நிற்க வேண்டும். இத்தகைய மறுவரிசைப்படுத்தலை எக்ஸின் மூல எழுத்துரு முறை அறியாது. காணும் வரிசையிலேயே வடிவங்களைச் சேமிக்கும் திஸ்கி குறியேற்றம் அதனோடு இயல்பாகப் பொருந்தியது. எக்ஸின் நிரலகத்தில் திஸ்கிக்கென ஓர் அமைவுக் கோப்பு இடம்பெற்றிருப்பது அக்காலத்தின் தடயம். யூனிகோடு தமிழ் லினக்ஸ் திரையில் செம்மையாகத் தோன்றியதற்கோ வேறொரு மாற்றம் வேண்டியிருந்தது: எழுத்தை உருவாக்கும் பணி சேவையகத்தை விட்டு நீங்கிச் செயலியின் பக்கம் வர வேண்டும்.

அம்மாற்றத்தைத் தொடங்கியவர் முன்னர்க் குறிப்பிட்ட கீத் பேக்கார்டு. 2000ஆம் ஆண்டையொட்டி அவர் அமைத்த ரெண்டர் என்னும் விரிவாக்கமும், எக்ஸ்எஃப்டி, ஃபாண்ட்கான்ஃபிக் ஆகிய நிரலகங்களும் எழுத்துருக்களைச் செயலியின் பொறுப்பாக்கின. பாங்கோ, பின்னர் ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரலகங்கள் இந்திய எழுத்துகளின் விதிகளைக் கையாண்டன. சேவையகத்திற்கு எஞ்சியது, ஆயத்தமாக வந்த படத்தை ஒட்டும் வேலை மட்டுமே.

எழுத்துருவில் நிகழ்ந்ததே பிறவற்றிலும் நிகழ்ந்தது. கோடும் வட்டமும் வரையும் எக்ஸின் கட்டளைகளைச் செயலிகள் நாளடைவில் கைவிட்டு, தாமே வரைந்த படத்தை அனுப்பத் தொடங்கின. காம்போசிட் விரிவாக்கம் வந்தபின், சாளரங்களின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து முழுத்திரையை ஆக்கும் பணி கம்போசிட்டர் எனப்படும் தனி நிரலிடம் சென்றது. திரையின் அளவையும் தெளிவையும் அமைக்கும் பணி கெர்னலுக்குள் சென்றது. இன்டெல் வரைகலைக்கான இம்மாற்றம் 2009 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 2.6.29இல் இடம்பெற்றது. நினைவகப் பங்கீடும் கெர்னலிடமே போயிற்று.

இவற்றின் விளைவு வியப்பானது. செயலி வரைகிறது; கம்போசிட்டர் இணைக்கிறது; கெர்னல் திரைக்கு அனுப்புகிறது. இடையில் நிற்கும் எக்ஸ் சேவையகம் இங்கிருந்து வாங்கி அங்குக் கொடுக்கும் தூதுவன் மட்டுமே. அத்தூதுவனுக்கும் முழுச்செய்தி தெரியாது. சாளரத்தைக் கம்போசிட்டர் சுருக்கியோ சாய்த்தோ காட்டினால், திரையில் அது உண்மையில் எங்குள்ளது என்பதை எக்ஸ் அறியாது. ஆயினும் சொடுக்கை எதற்கு அனுப்புவது என்பதை அதுவே முடிவு செய்தாக வேண்டும். வேலண்ட் எக்ஸை வீழ்த்தியது என்ற கூற்றைவிட, வீடு காலியானபின் வேலண்ட் வந்தது என்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

வேலண்டும் மிர்ரும்

கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் ரெட் ஹேட் நிறுவனத்தில் எக்ஸின் வரைகலைப் பகுதிகளில் பணிபுரிந்தவர். 2008இல் அவர் தொடங்கிய திட்டத்திற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்து வேலண்ட் என்னும் ஊரின் பெயரை வைத்தார். அதன் கருத்து எளிது: கம்போசிட்டரே சேவையகமாக இருக்கட்டும், இடைத்தூதுவன் வேண்டா. ஒரு செயலி தன் சாளரத்தை மட்டுமே அறியும். பிறர் சாளரத்தையோ தட்டல்களையோ அறியாது. பாதிவரைந்த படம் திரைக்கு வராது. 2012 அக்டோபரில் 1.0 பதிப்பு வெளிவந்தது. இதனை எழுதியோரும் ஆதரித்தோரும் பெரும்பாலும் எக்ஸின் பராமரிப்பாளர்களே. அவர்களுள் ஒருவரான டேனியல் ஸ்டோன் 2013இல் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் எக்ஸின் குறைகளை விரிவாக எடுத்துரைத்தார்.

அக்குறைகள் கற்பனை அல்ல. எக்ஸில் ஏதேனும் பட்டியல் திறந்திருந்தால் அது விசைப்பலகையைப் பற்றிக்கொள்ளும். அந்நேரத்தில் திரைப்பூட்டு செயற்பட முடியாது. பூட்டு என்பதும் எக்ஸைப் பொறுத்தவரை மற்றொரு செயலியே. பூட்டுக்கென்று தனித்தகுதி ஏதுமில்லை. பழைய எழுத்துரு நிரலிலிருந்த ஒரு பாதுகாப்புப் பிழை 2014 ஜனவரியில் வெளிப்பட்டபோது, அது 1991இன் வெளியீட்டிலேயே இருந்ததெனத் தெரியவந்தது.

உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் 2010 நவம்பரில் தம் மேசைச்சூழல் வேலண்டுக்கு மாறும் என்றார். 2013 மார்ச்சில் அந்நிறுவனம் மிர் என்னும் சொந்த முறைமையை அறிவித்தது. அதற்காக வேலண்டின் மீது கூறப்பட்ட தொழில்நுட்பக் குறைகளை வேலண்ட் நிரலாளர்கள் மறுக்க, அவை விரைவில் திருத்தப்பட்டன. கே.டி.இ. குழுவின் சாளர மேலாண்மைப் பொறுப்பாளர் மிர்ரை ஆதரிக்க மறுத்தார். இன்டெல் தன் இயக்கியில் சேர்த்த மிர் ஆதரவைச் செப்டம்பரில் நீக்கியது. எதிர்ப்பாளர்களை அமெரிக்க அரசியல் இயக்கமொன்றின் பெயரால் சுட்டிய ஷட்டில்வொர்த் பின்னர் அதற்கு வருந்தினார். 2017 ஏப்ரலில் மேசைச்சூழல் திட்டமே கைவிடப்பட, மிர் பின்னாளில் வேலண்ட் நெறிமுறையையே பேசும் கருவியாயிற்று. நான்காண்டு உழைப்பு வீணானது என்பதைவிட, அந்நான்காண்டுகளும் வேலண்டிற்குக் கிடைத்திருக்க வேண்டியவை என்பதே பெரிய இழப்பு.

சுமை யார்மேல்?

2016 நவம்பரில் வெளியான ஃபெடோரா 25, க்னோம் சூழலில் வேலண்டை இயல்பிருப்பாக்கியது. விவாதம் நிரலாளர் வட்டத்தைவிட்டுப் பயனரிடம் வந்தது அப்போதுதான். உபுண்டு 2017 அக்டோபரில் அதனைப் பின்பற்றி, அடுத்த ஏப்ரலில் நெடுங்கால ஆதரவுப் பதிப்பில் எக்ஸிற்கே திரும்பிற்று; 2021இல்தான் மீண்டும் வேலண்டை முன்வைத்தது. என்விடியா நிறுவனம் பிறர் பயன்படுத்திய நினைவக முறைக்கு மாறாகத் தன் சொந்த முறையை வலியுறுத்தி, 2021 அக்டோபரில்தான் பொதுவழிக்கு வந்தது. அதுவரை அவ்வட்டைகளை வைத்திருந்தோர் நிலை இரங்கத்தக்கதே.

ஆயினும் இவற்றினும் ஆழமான சிக்கல் வேறு. எக்ஸில் எல்லாச் செயலிகளும் எல்லாவற்றையும் காணலாம் என்பது தீயவனுக்கு மட்டுமன்றி நல்லவனுக்கும் உதவியது. திரையைப் பதிவுசெய்யும் செயலி, எங்கிருந்து தட்டினாலும் இயங்கும் குறுக்குவிசை, சாளரங்களை இயக்கும் தானியங்கிக் கட்டளைகள் ஆகியன அனைத்தும் அத்திறந்த கதவின் வழியே வந்தவை. வேலண்ட் கதவை மூடியது. மூடியது சரியே, ஆனால் அவ்வழியே வந்துசென்றவர்களுக்கு வேறு வாயில் அப்போது கட்டப்பட்டிருக்கவில்லை. திரைப்பகிர்வுக்குப் பைப்வயர் என்னும் ஊடகக் கருவியும், இசைவு கேட்டு அனுமதிக்கும் போர்ட்டல் முறையும் பின்னரே முதிர்ந்தன.

பார்வையற்றோர் பயன்படுத்தும் ஓர்கா என்னும் திரைவாசிப்பானின் நிலை இதனைத் தெளிவாகக் காட்டும். எந்தச் செயலி முன்னே இருந்தாலும் பயனரின் கட்டளைத் தட்டல்களைத் திரைவாசிப்பான் கேட்டாக வேண்டும். வாசிப்பதை நிறுத்த, முன்வரிக்குச் செல்ல, எங்கிருக்கிறோம் என அறிய அதுவே வழி. பிறர் தட்டலைக் கேட்பது எக்ஸில் இயல்பு; வேலண்டிலோ அதுவே தடுக்கப்பட்ட செயல். தட்டல்களைத் தாமே முன்வந்து தெரிவிக்கும் செயலிகளோடு மட்டும் ஓர்கா ஒருவாறு இயங்கிற்று. கம்போசிட்டரே இசைவோடு தட்டல்களை அளிக்கும் முறை க்னோம் சூழலில் 2025 மார்ச்சில், அதன் 48ஆம் பதிப்பில் வந்தது. ஃபெடோரா 25க்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் எட்டாண்டுகளுக்கு மேல். புதிய முறைமை பெரும்பாலோர்க்கு ஆயத்தம் என்று அறிவிக்கப்பட்ட காலம் முழுவதும், ஒரு சாராருக்குப் பழைய முறைமையே கண்ணாக இருந்தது.

இதற்குப் பராமரிப்பாளர்கள் தரும் விடையையும் எடைபோட வேண்டும். எக்ஸின் நிரலைப் புரிந்துகொண்டு திருத்தக்கூடியவர் சிலரே. அவர்களுள் பெரும்பாலோர் ஒருசில நிறுவனங்களின் ஊதியத்தில் இருந்தனர். எக்ஸ் சேவையகத்தை நெடுநாள் பராமரித்த ஆடம் ஜாக்சன் 2020இல் அதனைக் கைவிடுவது குறித்து வெளிப்படையாகவே எழுதினார். எக்ஸ் வேண்டும் என்போர் பலர். அதன் நிரலைத் தொட முன்வந்தோர் மிகச்சிலர். பராமரிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் பழையதைக் கைவிடும் உரிமையும், கைவிட்டதன் விளைவைப் பிறர்மேல் சுமத்தும் உரிமையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் கருதியதே வாதத்தின் கடுமைக்குக் காரணம் எனத் தோன்றுகிறது.

கொள்கை வகுக்காத எக்ஸைப் போலன்றி, வேலண்டில் ஒவ்வொரு கம்போசிட்டரும் தன் கொள்கையைத் தானே வகுக்கிறது. சாளரத்தின் தலைப்புப்பட்டையை வரைவது யார் என்ற சிறு வினாவிற்கே ஒருமித்த விடையில்லை. செயலியே வரைய வேண்டும் என்பது க்னோமின் நிலை. கேட்டால் நாமே வரைந்து தருகிறோம் என்பது கே.டி.இ.யின் நிலை. இரண்டிலும் இயங்க வேண்டிய சிறு செயலியின் ஆசிரியர் இரண்டிற்கும் எழுத வேண்டியதாயிற்று.

விசைப்பலகையும் உள்ளீடும்

எக்ஸின் பகுதிகளுள் ஒன்று மட்டும் வேலண்டிற்குள் ஏறக்குறைய அப்படியே குடியேறியது. அது எக்ஸ்கேபி எனப்படும் விசைப்பலகை விவரண முறை. கம்போசிட்டர் விசைப்பலகையின் அமைப்பைச் செயலிக்கு அறிவிக்கும்போது இன்றும் எக்ஸ்கேபி வடிவத்திலேயே அனுப்புகிறது. அதன் இந்தியக் கோப்பில் தமிழ்நெட் 99 விசைப்பலகை யூனிகோடு வடிவில் மட்டுமன்றி, டேப், திஸ்கி ஆகிய பழைய குறியேற்றங்களுக்கான வடிவங்களிலும் பதிவாகியுள்ளது. ஆகவே இவ்வகையில் தட்டுவோருக்கு மாற்றத்தால் இடர் நேரவில்லை.

ஆனால் எக்ஸ்கேபி ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அட்டவணை மட்டுமே. ஒரே மெய்வரிசை எழுத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழ வேண்டும் என்பது தமிழ் 99இன் விதி; முன் தட்டியது என்ன என நினைவில் வைத்தாலன்றி இது இயலாது. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுவோரின் தேவையும் இதுவே. எனவே ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவிகள் வேண்டியிருக்கின்றன. சீன, சப்பானிய, கொரிய மொழிகளுக்கும் இவையே வாயில். வேலண்டில் இவற்றுக்கான நெறிமுறை ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகளாக வளர்ந்தது. குரோமியம் உலாவி முதலில் ஒரு பதிப்பையும், க்னோம் வேறொரு பதிப்பையும் ஏற்றதால், ஒரே கணினியில் ஒரு செயலியில் தமிழ் தட்ட முடிந்து மற்றொன்றில் முடியாத நிலை நேர்ந்தது. இலத்தீன் எழுத்தில் மட்டும் தட்டுவோர் இத்தகைய இடரை அறியவே வாய்ப்பில்லை. நெறிமுறைகளை முடிவு செய்வோரில் பெரும்பாலோர் அவ்வாறு தட்டுவோரே.

2025இன் நிலை

2025 மே மாதத்தில் வெளியான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, எக்ஸ்.ஆர்க் சேவையகத்தை நீக்கியது. செப்டம்பரில் க்னோம் 49 எக்ஸ் அமர்வை இயல்பாக முடக்கியது. அக்டோபரில் உபுண்டு 25.10 அதனைப் பின்பற்றியது. கே.டி.இ. குழுவும் தன் பிளாஸ்மா 6.8 வேலண்டில் மட்டுமே இயங்கும் என நவம்பரில் அறிவித்தது. இதற்கிடையே ஜூன் மாதத்தில் எக்ஸ்லிப்ரே என்னும் பிரிகிளை தோன்றி, எக்ஸ் சேவையகத்தைத் தொடர்ந்து வளர்ப்பதாக அறிவித்தது. தொழில்நுட்பத்தைவிட அதனைச் சூழ்ந்த அரசியலே அதிகம் பேசப்பட்டது.

எக்ஸ் நெறிமுறை மறைந்துவிடவில்லை. வேலண்டிற்கு மாறாத செயலிகளுக்காக எக்ஸ்வேலண்ட் என்னும் சேவையகம் வேலண்டின் கீழ் ஒரு செயலியாக இயங்குகிறது. ரெட் ஹேட் 10ஆம் பதிப்பிலும் அது நீக்கப்படவில்லை. எக்ஸ் தொகுப்போடு வழங்கப்பட்டுவந்த சிறு கடிகாரச் செயலியை அதன் வழியே இன்றும் திறக்கலாம். அதன் சாளரத்தில் முட்கள் நகர்வதை அதே 11ஆம் பதிப்பு நெறிமுறையே எடுத்துச்சொல்கிறது.